பிப்ரவரி முப்பது

கோவிந்தாபுரம்
6.7.2025, ஞாயிறு

ஏலக்காய் மகாராணி ஜிஸ்மிக்கு,

உங்கள் மலையில் டவர் விழுந்து மூன்று வாரம். என் போன் பிரின்சிபால் பீரோவுக்குள் விழுந்து இரண்டு வாரம். ஆகவே தபால்காரர் வாழ்க! போன் போன கதை உனக்குத் தெரியாதே. பிரின்சிபால் குரலில் ‘நாளை லீவு’ என்று பேசி கிளாஸ் குரூப்பில் போட்டேன். பாதிப் பள்ளிக்கூடம் வரவில்லை. மீதிப் பாதி வந்ததுதான் எனக்கு வருத்தம்.

உங்கம்மாவுக்குக் கால் கட்டைப் பிரித்தாச்சா? அவர்களுக்குப் பதிலாக நீ காய் பறிக்கப் போகிறேன் என்று ஹாஸ்டலைக் காலி பண்ணிப் போன நாளிலிருந்து என் ஜோக்குக்கு முறைக்க ஆளில்லை. முறைக்க ஆளில்லாத ஜோக்கு உப்பில்லாத மோர்.

இங்கே நடவு முடிந்துவிட்டது. நாலு வருடமாக எங்களுக்கு நாற்று நடுவது வங்காளத்து ஆட்கள், பதினோரு பேர். கிணற்று மேட்டு மோட்டார் ரூமில்தான் தங்கல். வந்து இறங்கிய அன்றே எங்கப்பா எல்லோர் ஆதார் கார்டையும் வாங்கி, ஆளுக்கொரு கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். “கார்டை வாங்கி வெச்சுக்கோணும். இல்லீன்னா சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போயிருவானுக.” காளிச்சாமி சட்டம்! எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் இதே சட்டம்தான். அவர்கள் பெயர் அப்பா வாயில் நுழையாது. அதனால் கவர் மேல் பட்டப்பெயர் எழுதுவது அரசாங்க உத்தியோகம் மாதிரி என் பொறுப்பு. நெட்டையன், ரேடியோ, பீடி, சாப்பாட்டுராமன். இந்தக் கடைசி ஆள் மதியம் எங்கள் வீட்டில் நாலு தட்டுச் சோறு சாப்பிடுவார். சோற்றுக்கே மூச்சு வாங்கும்.

அவர் மேலுள்ள பாசத்தில் இந்தத் தடவை ஒரு மாஸ்டர்பீஸ் செய்திருக்கிறேன். பெரியப்பா மகன் ரமேஷ்குமார் அண்ணனின் பிளக்ஸ் கடையில், அண்ணன் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் பிறந்த கலைப்படைப்பு. என்ன என்று மூன்று தடவை கெஞ்சினால் சொல்கிறேன். அதற்குச் சிரிப்பதற்குள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஏஜென்ட் வேன் ஒருநாள் முன்னாடியே வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் எடுக்கப் போகிறார்களாம், எந்தத் தோட்டம் என்று தெரியாது.

கெஞ்சு.

இப்படிக்கு,
பூபதி (ராஜா பின்னால் வருகிறார்)


போடிமெட்டுக்கு மேலே, எஸ்டேட் லயம்
13.7.2025

ஏலே பூபதி,

கெஞ்சவெல்லாம் எனக்கு நேரம் கிடையாது. காலையில் ஏழு மணிக்குக் காட்டுக்குள் போனால் சாயங்காலம் அட்டைக்கடியோடுதான் திரும்புதேன். அம்மா கட்டுப் பிரிச்சாச்சு. ஆனால் சரிவில் நிற்க முடியாது.

உன்னுடைய பிளக்ஸ் கலையை விட என்னிடம் பெரிய சேதி இருக்கு. எங்கள் எஸ்டேட்டில் ஒரு பங்களாதேஷ்காரனைப் பிடிச்சாச்சு! பிடிச்சது யார் தெரியுமா, எங்கப்பா. சூப்பர்வைசர் சூசையப்பன் என்றால் சும்மாவா.

வியாழக்கிழமை புது ஆட்களைப் பதிய போலீஸ் வந்தாங்க. ஏஜென்ட் கொண்டுவந்த கவர்களைப் பிரித்து ஒவ்வொரு கார்டாக அப்பா எடுத்துக் கொடுத்தாக. ஒரு கார்டைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சந்தேகம். நம்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாய் ஓடுது. பிறந்த தேதி பிப்ரவரி முப்பது. ஏலே, எந்த ஊர்க் காலண்டரில் பிப்ரவரி முப்பது இருக்கு? “கள்ளக் கார்டு அடிச்சவனுக்கு நாள்கணக்குகூடத் தெரியலை பாருங்க”ன்னு அப்பா சொன்னதும் எஸ்.ஐ. அப்பாவுக்குக் கைகொடுத்தார். ஏஜென்ட் அன்றைக்கே போனை அணைச்சுட்டு ஆளையே காணோம்.

அந்த ஆள் கத்தவில்லை, ஓடவில்லை. “அல்மாரி, அல்மாரி” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஜீப்பில் ஏத்தும்போதும் அல்மாரி. ஜெயிலுக்குப் போகிறவனுக்கு அலமாரி எதுக்கு என்று லயமே சிரிச்சது. நானும்தான்.

எனக்கு ஒன்றும் பாவமாக இல்லை. இவங்க வந்த பிறகுதான் எங்கள் லயத்து வரிசையில் பாதி வீடு கைமாறிப்போச்சு. அன்னாள் அக்கா குடும்பம் திருப்பூர் போயிருச்சு. அப்பா எப்பவும் சொல்லுவாக, வந்தேறிகளுக்கு மண்ணும் கிடையாது, மனசும் கிடையாதுன்னு.

சரி, உன் மாஸ்டர்பீஸ் என்ன? இது ஒரு தடவைதான்.

ஜிஸ்மி


கோவிந்தாபுரம்
17.7.2025

ஜிஸ்மி,

அந்த அலமாரி எங்கள் வீட்டில் இருக்கிறது. பச்சைக் கலர் இரும்பு பீரோ. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே, அவர் சொன்னது அதைத்தான். “என் கார்டு முதலாளி பீரோவில் இருந்தது” என்று சொல்லியிருக்கிறார்.

மாஸ்டர்பீஸ் அதுதான். பிப்ரவரி முப்பது நான்.

கவரில் பட்டப்பெயர் எழுதுகிற சாக்கில் சாப்பாட்டுராமன் கார்டை எடுத்து, அவர் போட்டோவை அப்படியே வைத்து, நம்பரையும் தேதியையும் மட்டும் மாற்றி, அச்சு அசலாக ஒன்று அடித்துக் கவருக்குள் வைத்தேன். கிளம்புகிற அன்று எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்ப்பார், முழிப்பார், சிரிப்பார்கள், உடனே நிஜக் கார்டை ஜேப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து ஹீரோ ஆகிவிடலாம் என்று பிளான். வேன் முன்னாடியே வந்துவிட்டது. அப்பா கவரை எடுத்து நேராக ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டார். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நிஜக் கார்டு இரண்டு வாரமாக என் ஜியோமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் கிடக்கிறது. எப்படியும் ஜனவரியில் திரும்பி வருவார், அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

இன்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. சோற்றில் கை வைத்தபடி படித்தேன். அப்புறம் கையைக் கழுவிவிட்டேன்.

பக்கத்துக் கடையிலிருந்து உங்கள் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டேன். உங்கப்பா “ஹலோ” என்றார். வைத்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அவரே. இரண்டாம் தடவையும் வைத்துவிட்டேன்.

நிஜக் கார்டை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். தக்காளி லோடு அடிக்கிற ரிஞ்சு சேட்டன் ஒன்றுவிட்டு ஒருநாள் பூப்பாறை வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ ஒரு உதவி செய். பிடிபட்டவர் தங்கிய ரூமில் கிடந்தது என்று உங்கப்பாவிடம் கொடு. என் பெயர் மட்டும் வேண்டாம். அரசாங்கக் கார்டு மாதிரி அடித்தால் கேஸ் என்று ரமேஷ்குமார் அண்ணன் சொன்னார். அண்ணனுக்கே முகம் செத்துப்போச்சு. ப்ளீஸ் ஜிஸ்மி. மூன்று தடவை இல்லை, முந்நூறு தடவை கெஞ்சுகிறேன்.

அவர் பெயர் ஷஃபிகுல் ஷேக். கார்டு அடித்தபோதுதான் எனக்கே தெரியும்.

பூபதி


எஸ்டேட் லயம்
20.7.2025

பூபதி,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று இரண்டு நாள் யோசிச்சேன். எந்த வார்த்தையும் போதவில்லை. எனக்கும் சேர்த்துத்தான். நானும் சிரிச்சவள்தான்.

நீ சொன்ன பொய்யை நான் சொல்லவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு நேற்று ஜீப் பிடிச்சு நானே ஸ்டேஷன் போனேன். எழுத்துவேலை பார்க்கிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒருத்தனுக்கு ரெண்டு கார்டா? அப்போ இவன் பெரிய ஆளு” என்றார். இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். “எவன் வெச்சிருந்தானோ அவன் வந்து சொல்லட்டும்” என்று வாங்கி வெச்சுக்கிட்டார். இரண்டு கார்டிலும் ஒரே ஊர்தானே, பிடிச்ச அன்றைக்கே அந்த ஊருக்கு ஆள் விட்டுக் கேட்டாங்களாம். அப்படி ஒரு ஊரே இல்லைன்னு பதில் வந்திருக்கு. இப்போ நிஜக் கார்டும் கள்ளக் கார்டு ஆகிப்போச்சு. உன்னுடைய தபாலால் அவருக்கு இன்னும் ஒரு குற்றம் கூடியிருக்கு.

திரும்பி வரும்போது அவர் தங்கிய லயத்துக்குப் போனேன். இத்தனை நாளில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. உன் ‘ரேடியோ’ அங்கேதான் இருக்கார். அவர் பெயர் நசீம். என்னைப் பார்த்ததும் பயந்து எழுந்து நின்னார். சூப்பர்வைசர் மகள் இல்லையா.

பள்ளிக்கூடத்து இந்தியை வெச்சு ஒரு மணி நேரம் பேசினேன். ஊர் இல்லைன்னு சொன்னது நிஜம்தான், பூபதி. ஊர் இப்போ கங்கைக்குள்ளே இருக்கு. கரை இடிஞ்சு இடிஞ்சு பள்ளிக்கூடம் போச்சு, பள்ளிவாசல் போச்சு, அப்புறம் வீடுகள். ஷஃபிகுல் அண்ணன் வீட்டை ஐந்து தடவை பின்னால் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கார். ஐந்தாவதையும் ஆறு எடுத்துக்கிட்டது. நிலப் பத்திரம், அவுக அப்பா பெயரிலிருந்த காகிதம் எல்லாம் தண்ணியோட போச்சு. அந்தக் கார்டு ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் உங்கப்பா பீரோவில் வெச்சுப் பூட்டினாக, நீ பாக்ஸில் வெச்சு விளையாடினே, அதுக்கு நீ அடிச்ச நகலை எங்கப்பா கள்ளக் கார்டுன்னு தூக்கிக் காட்டினாக.

இன்னொன்றும் கேட்டேன். ஏன் நாலு தட்டு சாப்பிடுவார்னு. நசீம் அண்ணன் சிரிச்சார். உங்கள் வீட்டு மதியச் சோறு மட்டும்தான் அவருக்கு ஒரு நாளைக்கு. மற்ற இரண்டு வேளையும் சமைக்கிற கூட்டில் அவர் சேருவதில்லை. மிச்சம் பிடிச்சு ஊருக்கு அனுப்பணுமே. ஆறு வயசில் ஒரு பிள்ளை இருக்கு.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். எனக்கு மூன்று வயசு இருக்கும்போது, அணைச் சண்டை வந்த வருசம், தமிழாட்களை அடிக்கிறாங்கன்னு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போடிமெட்டு இறங்கி நடந்தீங்களே, ரேஷன் கார்டை எங்கே வெச்சிருந்தீங்கன்னு கேட்டேன். “பனியனுக்குள்ள” என்றார். அப்புறம் விளக்கை அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டார். இன்று காலை என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாதுன்னு மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, அவரை ரயில் ஏத்தி எல்லைக்குக் கொண்டு போறாங்களாம். அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் திரும்பி வர வழியே கிடையாது. அவர் வீட்டுக்காரி சேதி கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெற்கே ரயில் ஏறிட்டாங்க. பதினெட்டாம் தேதியிலிருந்து போன் அணைஞ்சு கிடக்கு.

நீ வா. காகிதத்தில் வராதே, காலால் வா.

ஜிஸ்மி


கோவிந்தாபுரம்
21.7.2025

ஜிஸ்மி,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கன்னத்தில் இன்னும் நாலு விரல் இருக்கிறது, ஐந்தாவதை எண்ண முடியவில்லை.

அடித்தது கூடப் பரவாயில்லை. அடித்த பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. “நீ போய் வாயைத் தொறந்தீன்னா கார்டை எதுக்கு வாங்கி வெச்சீங்கன்னு என்னையக் கேப்பானுக. கேசாயிப் போகும். உம் படிப்புப் போச்சு, என்ற மானம் போச்சு. அவனுக ஆயிரம் பேரு வருவானுக, போவானுக. எவனோ ஒருத்தனுக்காக என்ற ஊட்டைக் கெடுக்காத.”

எவனோ ஒருத்தன் இல்லை, போன வருசம் உங்களைப் பாம்பு வரப்பில் மறித்தபோது மண்வெட்டியால் அடித்தது அவர்தான் என்றேன். அம்மா சமையலறையிலிருந்து “ஏனுங்க, பையன் சொல்றதும்...” என்று ஆரம்பித்தார்கள். “ராசம்மா, நீ சும்மா இரு” என்று முடித்துவிட்டார்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். என் பர்ஸிலிருந்து என் கார்டை எடுத்து, ஒரு கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். “இனி எங்க போறேன்னு பாக்கறேன்.”

பன்னிரண்டாவது கவர். அதன் மேல் என்ன பட்டப்பெயர் எழுதுவது என்று யோசிக்கிறேன். நான் எழுதியதெல்லாம் ஞாபகம் வருகிறது. பீடி என்று எழுதிய ஆளுக்குப் பீடிப் பழக்கமே கிடையாது, சும்மா எழுதினேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஜிஸ்மி. நெஞ்சுக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி இருக்கிறது, தண்ணீர்தான் ஏறவில்லை. பதினாறு வயதுப் பையன் சொல்வதை ஸ்டேஷனில் நம்புவார்களா? உங்கப்பா கூட வந்தால்? ஒரே ஒரு பெரியவர் கூட நின்றால் போதும். கேட்டுப் பார்.

பூபதி


எஸ்டேட் லயம்
22.7.2025

பூபதி,

கேட்டேன். அப்பா சட்டையை மாட்டினாக, வாசல் வரைக்கும் போனாக, சட்டையைக் கழற்றிட்டாக.

பெரியவங்களை நம்பாதே. இன்னும் நாலு நாள்தான் இருக்கு.

நசீம் அண்ணன் ராத்திரியெல்லாம் ஷஃபிகுல் அண்ணன் வீட்டுக்காரி நம்பரை அடிச்சுக்கிட்டே இருக்கார். டவர் கிடைக்கிறதுக்காக மழையில் மொட்டைப் பாறை மேலே ஏறி உட்கார்ந்திருக்கார். கீழே இறங்கச் சொன்னால் இறங்க மாட்டேங்கார்.

ஜிஸ்மி


போடி பஸ் ஸ்டாண்டு
25.7.2025, வெள்ளி

ஜிஸ்மி,

இதை உனக்கு எழுதக் காரணம், உங்கப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜோக் தேடாதே, கிடைக்காது.

நேற்று ரிஞ்சு சேட்டன் வண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிவிட்டேன். ஸ்டேஷனுக்குள் போய் எஸ்.ஐ. முன்னால் நின்று, கார்டு அடித்தது நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “நின்றெ கார்டு எவிடெ?” என்றார்.

என் கார்டு வீட்டு பீரோவில் இருக்கிறது என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அறையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தர், “எல்லாவனுக்கும் அலமாரியிலாணோ கார்டு?” என்றார். உள்ளே கம்பிக்குப் பின்னால் ஷஃபிகுல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுமனே பார்த்தார். இரண்டு வாரத்தில் முகம் பாதியாகிவிட்டது.

மைனர் சொல் செல்லாது, அப்பாவைக் கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டேன். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விடியும்போது பார்த்தால் பெஞ்சின் அந்த ஓரத்தில் உங்கப்பா. எப்போது வந்தார் என்று தெரியாது. மடியில் ஷஃபிகுல் அண்ணனின் துணிமூட்டை. “டீ குடிக்கியாடே?” என்றார். பிறகு எஸ்.ஐ. வந்ததும் எழுந்து போய், “சாறே, நான் சொன்னது தப்பு. அவசரப்பட்டுட்டேன்” என்றார். கைகொடுத்த அதே எஸ்.ஐ. இந்தத் தடவை கைகொடுக்கவில்லை. “இத்தனை நாள் எங்கே போனீங்க?” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். உங்கப்பா தலைகுனிந்து நின்றார்.

பத்து மணிக்கு எங்கப்பா வந்தார். வேட்டியெல்லாம் கசங்கி, சவரம் செய்யாமல். எஸ்.ஐ. கேட்டார், இந்த ஆளைத் தெரியுமா?

“தெரியுமுங்க.”

“பேரு?”

அப்பா கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், எஸ்.ஐ. கையைக் காட்டித் தடுத்தார்.

“பேரு... தெரியாதுங்க சார். நாலு வருசமா எங்க மோட்டார் ரூம்லதானுங்க இருக்கறான்.”

அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார், கார்டுகளை வாங்கிப் பூட்டியதையும் சேர்த்து. எங்கள் இரண்டு பேர் மேலும் கேஸ் வரும், கூப்பிடும்போது வரவேண்டும் என்றார்கள். ஊர் ஆற்றில் போனதற்கு அங்கே பஞ்சாயத்தில் பழைய பதிவு இருக்கிறதாம். அதுவும் மத்தியானம் போனில் வந்து சேர்ந்தது. மூன்று மணிக்கு அவரை வெளியே விட்டார்கள்.

எஸ்.ஐ. நிஜக் கார்டை மேசை மேல் வைத்தார். ஷஃபிகுல் அண்ணன் அதை எடுத்து, போட்டோவைக் கட்டை விரலால் துடைத்தார். அப்போது ஜிஸ்மி, எங்கப்பா கையை நீட்டினார். வேண்டுமென்று இல்லை. நாலு வருடப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது, கார்டைக் கொடு, பத்திரமாக வைக்கிறேன் என்கிற மாதிரி. ஷஃபிகுல் அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். கார்டைச் சட்டைக்குள் விட்டு, பனியனுக்குள் சொருகி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அப்பாவின் கை அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. உங்கப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஷஃபிகுல் அண்ணன் போன்தான் கேட்டார். அப்பா போனில் அவர் வீட்டுக்காரி நம்பரை ஏழு தடவை அடித்தார். அணைந்தே கிடக்கிறது. ஹௌராவில் ஏறியது மட்டும் தெரியும். எங்கள் ஊருக்கு வரப் பாலக்காட்டில் இறங்கினார்களா, சென்னையிலேயே திசை தெரியாமல் நிற்கிறார்களா, ஒன்றும் தெரியாது. போடி வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டோம். நானும் கூட வந்து தேடுகிறேன் என்று இந்தியில் சொன்னேன். மன்னிச்சிருங்க என்றும் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில். “நீ வேண்டாம்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திரும்பும் வரைக்கும் அந்தக் கை நெஞ்சிலிருந்து இறங்கவில்லை.

அப்பா என் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன், அதனால்தான் தாள் நகர்ந்து எழுத்து கோணுகிறது. நாளை காலையிலிருந்து அப்பாவும் நானும் பாலக்காடு ஜங்ஷனில் நிற்கப் போகிறோம், வடக்கிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டிக்கும். அவர் வேண்டாம் என்றது அவர் கூட வருவதைத்தான். நிற்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

நீ போடிமெட்டில் நில். நசீம் அண்ணனைப் பாறையிலிருந்து இறக்கி, செக்போஸ்டில் நிற்கச் சொல். கணவனைக் கொண்டுபோன இடத்தின் பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பெண் மலை ஏறி வந்தாலும் வரலாம். என்ன நிறச் சேலை என்று தெரியாது. கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கும். பாஷை தெரியாது. மிரண்டு போயிருப்பார்கள். யாரும் சிரிக்க வேண்டாம் என்று லயத்தில் சொல்லிவை.

பெயர் ரெஹானா. குழந்தை பெயர் ஜோஸ்னா. நசீம் அண்ணனிடம் கேட்டு எழுத்தைச் சரிபார்த்துக்கொள். பட்டப்பெயர் எதுவும் கிடையாது.

பூபதிராஜா